குந்தேலா, கப்பவா, எம்.சி.ஆரா?

காட்பாடியிலிருந்து சித்தூருக்குத் தினமும் பஸ். மே மாதத்தில் ஷூ போட்டுக்கொண்டு போய் இறங்கினால் சாக்ஸைப் பிழிந்து காயப்போடலாம். ஆம்பூரும் ராணிப்பேட்டையும் உலகத்துக்கே தோல் ஷூ தைத்து அனுப்புகிற பக்கத்துக்காரன் இப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் ஆபீஸில் என் ஷூ மேசைக்கடியில்தான் கிடக்கும். மேனேஜர் கூப்பிட்டால் மட்டும் காலுக்கு வரும். மற்ற நேரத்துக்கு மூன்று ஜோடிச் செருப்புகளை ஒரு வருஷமாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

முயல் காது வைத்த பஞ்சுச் செருப்பு, அக்கா மகள் கொடுத்தது. பத்து நிமிஷத்தில் உள்ளே வேர்த்துவிடும். பாத்ரூம் பக்கம் போனால் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். 'குந்தேலு சார்' என்று பெயர் கிடைத்ததுதான் மிச்சம். குந்தேலு என்றால் தெலுங்கில் முயல்.

அடுத்தது ஓட்டை போட்ட பச்சை க்ராக்ஸ். பக்கத்து சீட்டுக்காரர் குனிந்து பார்த்து “ஏமண்டி, கப்பா?” என்றார். எனக்குக் கப்பல் என்று கேட்டது. அவர் சொன்னது தவளை. ஆனால் என் காதிலும் பெரிய தப்பில்லை: அமெரிக்காவில் 2002இல் இதை முதலில் விற்றதே படகில் போடுகிற செருப்பாகத்தான். தண்ணீர் வடியவும் காற்று போகவும்தான் அந்த ஓட்டைகள். எடையே தெரியாது, அலசி உதறினால் போதும். ஆனால் அடி தேய்ந்துவிட்டால் ஈரத் தரையில் வழுக்கும். வெயிலிலும் காயவைக்கக் கூடாது, அந்த நுரைப் பொருள் சூட்டில் சுருங்கும். மொட்டை மாடியில் ஒரு மதியம் மறந்து விட்ட என் முதல் ஜோடியில் அதற்குப் பிறகு பெருவிரல் முட்டியது.

மூன்றாவது எம்.சி.ஆர்., அதாவது மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பு. இதில் விளையாட்டு எதுவும் இல்லை. பார்த்தால் தாத்தா செருப்பு. ஆனால் எங்கள் பக்கத்துக் கதை அதில் இருக்கிறது. 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்டும் உடனிருந்தவர்களும் தொழுநோயால் உணர்ச்சி மரத்துப்போன பாதங்களில் புண் வராமலிருக்க இந்த ரப்பரைப் பயன்படுத்தினார்கள். உள்ளே பொடிப் பொடிக் காற்றுக் குமிழ்கள்; உடம்பின் பாரம் ஒரே இடத்தில் குத்தாமல் பாதம் முழுக்கப் பரவும். இப்போது சர்க்கரைக்காரர்களுக்கும் இதைத்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். வாங்கும்போது கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், அமுங்கி எழ வேண்டும். போட்டுப் பழகியதில் பள்ளம் பள்ளமாகவே நின்றுவிட்டால் ரப்பர் செத்துவிட்டது, மாற்றிவிடுங்கள்.

சரி, எது? உட்கார்ந்து கணக்குப் பார்க்கிற நாளில் எனக்குக் கப்பதான். மார்ச் கடைசியில் ஃபைல் எடுக்க நாள் முழுக்க நின்று ஓடும்போது எம்.சி.ஆர்., அப்போது யார் சிரித்தாலும் கவலையில்லை. முயலை டைப்பிஸ்ட் அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார். ஆபீஸில் இருக்கும் ஒரே ஏசிக்கு நேர் கீழே அவர் சீட். மே மாதத்திலும் சால்வை போர்த்தியிருப்பார். பெயர் மட்டும் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.