திரையில் சப்டைட்டிலா, மேடையில் சைகைமொழியா?

எங்கள் நூலகர் மாநாட்டுக்கு வரும் காதுகேளாத உறுப்பினர்களுக்கு என்ன ஏற்பாடு செய்வது? அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு வழிகளை முயன்று பார்த்தோம். முதல் ஆண்டு, பேச்சைத் தானாகவே எழுத்தாக்கித் திரையில் ஓடவிடும் மென்பொருள். மறு ஆண்டு, சைகைமொழி பெயர்ப்பாளர்கள். இரண்டு முறையும் ஏற்பாட்டுக் குழுவில் இருந்தவன் நான். என் ஓட்டு இரண்டாவதற்கு.

சாய்தளம், சக்கர நாற்காலி நுழையும் கழிவறை ஆகியவற்றை இங்கே பேசப்போவதில்லை. ஓரடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும் என்ற கணக்கை, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்குப் பிறகும் மண்டபக்காரரிடம் விளக்க வேண்டியிருந்தது தனிக்கதை.

மென்பொருளின் நன்மைகள் தெரிந்தவைதாம். செலவு சொற்பம். மடிக்கணினி, நல்ல மைக், அறுந்துபோகாத இணைய இணைப்பு இருந்தால் போதும். முழுக்க ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசியவர்களின் உரை பெரும்பாலும் சரியாகவே வந்தது. ஆனால் நம்மவர்கள் அப்படியா பேசுகிறார்கள்? தமிழில் தொடங்கி, துறைச்சொற்களை ஆங்கிலத்தில் உதிர்த்து, மறுபடி தமிழில் வந்து முடிப்பார்கள். தமிழுக்கு அமைத்து வைத்தால் ‘டேட்டாபேஸ்’ என்பது ‘தாத்தா பேசு’ என்று திரையில் வந்தது. ஆங்கிலத்துக்கு மாற்றினால் ‘நூலகம்’ மூன்று ஆங்கிலச் சொற்களாகச் சிதறியது. அரங்கமே சிரித்தது. முன்வரிசையில் இருந்த காதுகேளாத நால்வர் மட்டும் எதற்குச் சிரிப்பு என்று புரியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அந்த முகங்கள் இன்னும் என்னை உறுத்துகின்றன.

பிழையில்லாமல் வந்திருந்தாலும் ஒரு சிக்கல் மிஞ்சியிருக்கும். பிறவியிலேயே காது கேளாத பலருக்குச் சைகைமொழிதான் முதல் மொழி. இந்திய சைகைமொழியின் இலக்கணமே தனி. ‘எங்கே’, ‘ஏன்’ போன்ற வினாச்சொற்கள் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். ஓடும் எழுத்தை நாள் முழுக்கத் துரத்திப் படிப்பது எவ்வளவு களைப்பு என்று ஒரு உறுப்பினர் எனக்குக் காகிதத்தில் எழுதிக் காட்டினார்.

மறு ஆண்டு இரண்டு பெயர்ப்பாளர்களை அழைத்தோம். ஒருவர் போதாதா என்று பொருளாளர் கேட்டார். போதாது. சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறாவிட்டால் கையும் மூளையும் சோர்ந்து, சொற்கள் விடுபடத் தொடங்கும். ஊதியம், பயணம், தங்கும் அறை எல்லாம் சேர்ந்து கணிசமான தொகைதான். பொன்னாடைகளையும் நினைவுப் பரிசுகளையும் நிறுத்தியதில் பெரும்பகுதி ஈடானது. (யாரும் வருந்தியதாகத் தெரியவில்லை.) ஸ்லைடு காட்டுவதற்காக விளக்கை அணைத்தபோது பெயர்ப்பாளரும் இருளில் மூழ்கிவிட்டார். அது எங்கள் பிழை. அவசரமாக ஒரு மேசை விளக்கைத் தேடிப்பிடித்து அவர் பக்கம் திருப்பி வைத்தோம்.

உரைகளை முன்கூட்டியே அனுப்ப வேண்டும் என்பதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். தில்லியில் உள்ள இந்திய சைகைமொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்தின் அகராதி 2018இல் 3,000 சொற்களோடு வெளிவந்து, 2021இல் 10,000 சொற்களாக வளர்ந்தது. ஆனாலும் ஒரு தொழிலுக்குள் புழங்கும் சொற்களுக்கு அந்தத் தொழில்காரர்கள் உட்கார்ந்து பேசித்தான் சைகை முடிவுசெய்ய வேண்டும். முந்தைய நாள் மாலை உறுப்பினர்களும் பெயர்ப்பாளர்களும் ஒரு மணி நேரம் அதைத்தான் செய்தார்கள்.

இவ்வளவு பாடும் எதற்கு என்றால், தேநீர் இடைவேளைக்கு. மாநாட்டின் பாதி வேலை அங்கேதான் நடக்கிறது. யார் எங்கே மாற்றலாகிறார், எந்த நூலகத்தில் ஆள் தேவை, அடுத்த கருத்தரங்குக்கு யாரை அழைக்கலாம் எல்லாமே டம்ளரும் கையுமாக நிற்கும்போது முடிவாகிற விஷயங்கள். சப்டைட்டில் மேடைத் திரையிலேயே நின்றுவிடும். பெயர்ப்பாளர் தேநீர் வரிசைக்கும் உடன் வருவார். முதல் ஆண்டு அந்த நால்வரும் ஒரு மூலையில் தமக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தார்கள். மறு ஆண்டு அவர்களில் ஒருவர் சைகையில் கேட்ட கேள்வியைப் பெயர்ப்பாளர் மைக்கில் குரல் கொடுத்துச் சொல்ல, பேச்சாளர் தம் ஸ்லைடு ஒன்றில் இருந்த தவறை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. மதிய உணவில் கேள்வி கேட்டவரைச் சுற்றி ஒரு கூட்டம். இடைவேளைகளில் பெயர்ப்பாளர்களுக்கு ஓய்வில்லாமல் போனதுதான் குறை. அடுத்த முறை மூவரை அழைக்க வேண்டும்.

தேர்ந்த தட்டச்சாளர் ஒருவர் நேரடியாகவே சப்டைட்டில் அடிக்கும் முறையை நாங்கள் முயன்றதில்லை; அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். வயதான பின் காது மந்தமானவர்களுக்குச் சைகைமொழியால் பயனில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். செவித்துணைக் கருவி அணிந்த ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர் இருந்தார். அவருக்காக ஆங்கில அமர்வுகளில் மட்டும் மென்பொருளையும் ஓடவிட்டு, தமிழ் உரைகளின் ஸ்லைடுகளைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்தோம். போதுமா என்று கேட்டேன். “போன வருஷத்துத் தாத்தாவுக்கு இது பரவாயில்லை” என்றார்.