பிடிபிடிஎன் இயலாமை விண்ணப்பம்: சுங்கை சிப்புட் பாரக் கடைக்கு 60 வெள்ளி கொடுக்கலாமா?

பேராக், சுங்கை சிப்புட் பஸ் நிலையத்துக்குப் பின்வரிசையில், இரண்டு ஜெராக்ஸ் இயந்திரமும் ஒரு பிரிண்டரும் வைத்துக்கொண்டு பாரம் நிரப்பித் தரும் கடை ஒன்று இருக்கிறது. ஓகேயு எனும் மாற்றுத்திறனாளி அட்டை, சொக்சோ எனும் தொழிலாளர் காப்புறுதி, ஈபிஎஃப் எனும் சேமநிதி என்று எல்லாப் பாரமும் அங்கே நிரப்பப்படும். டோவன்பி, எல்பில், கமுனிங் தோட்டங்களின் பக்கத்துச் சனங்களுக்குப் பழக்கமான இடம். தோட்டத்து ஆபீஸ் கிராணி மனு எழுதிக் கொடுத்த காலம் போய், இப்போது அந்த வேலையை இந்த மாதிரிக் கடைகள்தான் பார்க்கின்றன. அதன் விலைப் பலகையில் இப்போது ‘பிடிபிடிஎன் ஹிலாங் உபாயா, 60 வெள்ளி’ என்றும் ஒரு வரி இருக்கிறது. அதாவது, இயலாமல் போனவரின் அரசுக் கல்விக் கடனைத் தீர்க்கக் கேட்கும் விண்ணப்பம். இந்த மதிப்பீடு அந்த ஒரு சேவையைப் பற்றி மட்டும்தான்.

காகிதத்தைத் தேடிச் சேர்த்து, வரிசைப்படுத்தி, மலாயில் கடிதம் தட்டச்சு செய்து கொடுக்கும் வேலைக்கு 60 வெள்ளி நியாயம். ஆனால் கல்லாவில் இருப்பவர் ‘கண்டிப்பாகக் கிடைத்துவிடும்’ என்று சொல்வாரே, அந்தப் பேச்சுக்கு ஒரு சென் மதிப்பும் இல்லை. இந்த விண்ணப்பத்தின் முடிவு டாக்டர் எழுதும் அறிக்கையில்தான் இருக்கிறது. கடையில் யாரும் அதை மாற்ற முடியாது.

பிடிபிடிஎன் 1997-இல் தொடங்கிய அரசுக் கல்விக் கடன் நிதி. இப்போதைய கடன்களுக்கு ஆண்டுக்கு 1% உஜ்ரா என்ற நிர்வாகக் கட்டணம் உண்டு. கடன் வாங்கியவருக்குக் குழுத் தக்காபுல் (இஸ்லாமிய முறைக் காப்புறுதி) பாதுகாப்பும் இருக்கிறது. சந்தாவைக் கடன் தொகையிலிருந்தே கழித்துவிடுவதால் பலருக்கு இது தெரிவதே இல்லை. கடன் வாங்கியவர் இறந்துவிட்டாலோ, முழுமையாகவும் நிரந்தரமாகவும் இயலாமல் போனாலோ மீதிக் கடனைத் தீர்க்க இது வழி. ஆகவே இது தர்மத்துக்குப் போடும் மனு அல்ல, சந்தா கட்டியவர் கேட்கும் கோரிக்கை. கடை தயார் செய்து வைத்திருக்கும் மாதிரிக் கடிதம் இந்த இடத்தில்தான் முதலில் சறுக்குகிறது. ‘ஏழைத் தோட்டத் தொழிலாளி குடும்பம், தயவுசெய்து கருணை காட்டவும்’ என்று அரைப் பக்கம் போகும். படிக்கிற அதிகாரிக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. அந்தப் பத்தியை அடித்துவிட்டு, கடன் கணக்கு எண், ஐசி (அடையாள அட்டை) எண், நோயின் பெயர், முதலில் வார்டில் சேர்ந்த தேதி, வேலை நின்ற தேதி, இணைப்புகளின் பட்டியல், இவ்வளவு மட்டும் போடச் சொல்லுங்கள். கேட்டால் மாற்றித் தருகிறார்கள், முகம் சுளிப்பதில்லை.

கடையின் உண்மையான கெட்டிக்காரத்தனம் பெயர்ச் சிக்கலைக் கண்டுபிடிப்பதில். நம்மவர்களின் பெயர் ஐசியில் ஒரு மாதிரியும், ஆஸ்பத்திரி அட்டையில் ஒரு எழுத்து குறைந்தும், பழைய கடன் ஒப்பந்தத்தில் ‘ஏ/எல்’ (இன்னாரின் மகன்) இல்லாமலும் இருக்கும். கவுன்டரில் காகிதம் திரும்பி வருவதற்கு இது ஒன்றே போதும். இங்கே உள்ள பெண் ஒவ்வொரு நகலையும் ஐசியோடு பக்கத்தில் வைத்து, விரலால் எழுத்தெழுத்தாக ஓட்டிப் பார்க்கிறார். வித்தியாசம் சின்னதாக இருந்தால் முகப்புக் கடிதத்திலேயே ஒரு வரி சேர்க்கிறார். பெரிதாக இருந்தால் 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படியான சூராட் அக்குவான் பெர்கானுன் (சத்தியப் பிரமாணப் பத்திரம்) தட்டச்சு செய்து, பெசுருஜாயா சும்பா எனும் சத்தியப் பிரமாண ஆணையரிடம் அனுப்புகிறார். அதற்கான கட்டணம் தனி. நகல்களுக்கு ‘டிசாக்கான்’ (உறுதிப்படுத்தப்பட்டது) முத்திரை கேட்டால், பெங்குலு எனும் வட்டாரத் தலைவரிடமோ தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரிடமோ வாங்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறார்கள். மூலத்தையும் கூடவே எடுத்துப் போக வேண்டும்.

அடுத்தது ஓகேயு அட்டை. கடை அதை ஃபைலின் முதல் தாளாக வைத்து, இதுதான் பெரிய ஆதாரம் என்கிறது. அது தவறான நம்பிக்கை. ஓகேயு அட்டை 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்கீழ் சமூக நலத்துறை செய்யும் பதிவு. கேட்டல், பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பலவகை என்று 7 பிரிவுகள். அதில் யாரும் ‘இவரால் வேலை செய்ய முடியுமா’ என்று தீர்ப்பு சொல்வதில்லை; அட்டை வைத்துக்கொண்டு முழுநேர வேலை பார்ப்பவர்கள் ஏராளம். தக்காபுல் கேட்பது வேறு. மலேசியாவில் இந்த வகை ஒப்பந்தங்களின் வழக்கமான அளவுகோல்படி, நோயாலோ விபத்தாலோ வருமானம் தரும் எந்த வேலையும் செய்ய முடியாத நிலை வர வேண்டும், அந்த நிலை குறைந்தது 6 மாதம் தொடர்ந்திருக்க வேண்டும், இனி மாறாது என்று டாக்டர் சொல்ல வேண்டும். இரண்டு கண் பார்வையும் போவது, கை கால்களில் இரண்டை மணிக்கட்டு அல்லது கணுக்காலுக்கு மேலே இழப்பது, ஒரு கண்ணும் ஒரு கை அல்லது காலும் போவது ஆகியவை வழக்கமாகத் தனி வகை.

இதை வைத்துப் பார்த்தால் எந்த ஃபைல் தடுமாறும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். சர்க்கரை வியாதியால் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தவருக்கு ஓகேயு அட்டை கிடைக்கும். டிப்ளோமா படித்து ஆபீஸ் வேலை பார்த்தவர் என்றால், உட்கார்ந்து பார்க்கும் வேலை முடியும் என்று சொல்லிக் கோரிக்கையைத் தள்ளலாம். டயாலிசிஸ் என்ற ஒன்றே போதாது. வாரம் மூன்று முறை இயந்திரத்தில் உட்கார்ந்துவிட்டு மற்ற நாளில் வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. கூடவே இதயம், கண், நரம்பு பாதிப்பு இருந்தால் அவற்றின் அறிக்கையும் வேண்டும். பக்கவாதம் வந்து இரண்டாவது மாதத்தில் விண்ணப்பிப்பது அவசரம். பிசியோதெரபியில் முன்னேற்றம் வரக்கூடிய காலம் அது, டாக்டரும் ‘நிரந்தரம்’ என்று எழுதத் தயங்குவார். 6 மாதம் கடக்கும் முன்னே வந்தவரிடமும் கடை 60 வெள்ளி வாங்கிக்கொள்கிறது. ‘இப்போது வேண்டாம், பிறகு வாருங்கள்’ என்று அவர்கள் சொல்லி அனுப்பியிருந்தால் இந்தக் கடைக்கு இன்னும் ஒரு நட்சத்திரம் கூடியிருக்கும்.

டாக்டர் அறிக்கைக்குத்தான் உங்கள் நேரத்தில் பெரும்பகுதி போக வேண்டும். முதலில், பிடிபிடிஎன் கொடுக்கும் நடப்புப் பாரத்தையே எடுங்கள். கடையில் அடுக்கி வைத்திருக்கும் பழைய நகலை வாங்காதீர்கள், பாரங்கள் மாறுகின்றன. மருத்துவப் பகுதியை, உங்களைத் தொடர்ந்து பார்த்துவரும் ஸ்பெஷலிஸ்ட் நிரப்புவதே நல்லது. சுங்கை சிப்புட் ஆஸ்பத்திரி சின்னது. நரம்பு, எலும்பு, சிறுநீரகக் கேஸ்கள் பெரும்பாலும் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் ஆஸ்பத்திரிக்குத்தான் போகின்றன. அங்கே மருத்துவப் பதிவுப் பிரிவில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அறிக்கை அன்றைக்கே கையில் வராது, வாரக்கணக்கில் ஆகும். அதை விண்ணப்பிக்கும்போதே முதல் தடவை வார்டில் இருந்து வெளியான டிஸ்சார்ஜ் சம்மரியும் கேட்டு வாங்குங்கள். இயலாமை எப்போது தொடங்கியது, அது பாதுகாப்புக் காலத்துக்குள் வருகிறதா என்பதை அந்தத் தாள்தான் காட்டும்.

ஃபைல்களைக் கெடுக்கும் வாக்கியம் ஒன்று உண்டு: ‘பெசாகிட் மாசி டாலாம் ராவாத்தான் சுசுலான்.’ நோயாளி இன்னும் தொடர் சிகிச்சையில் இருக்கிறார் என்று அறிக்கையின் கடைசி வரி இப்படி முடிந்துவிட்டால், நிலைமை இன்னும் நிலைப்படவில்லை என்று அர்த்தமாகிவிடும். பரிசோதனைக்குப் பத்து நிமிடம் கிடைக்கும் டாக்டர், கேட்டதற்கு மட்டும்தான் எழுதுவார். பாரத்தோடு ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள்: முன்பு என்ன வேலை, அதில் என்ன செய்ய வேண்டியிருந்தது, இப்போது எத்தனை மீட்டர் நடக்க முடிகிறது, படுக்கையிலிருந்து எழ, குளிக்க, உடுத்த, சாப்பிட, கக்கூஸ் போக யார் உதவி தேவை, எழுத வாசிக்க முடிகிறதா, வலிப்பு வருகிறதா. டாக்டரிடம் ‘பெர்மனென்ட் என்று போடுங்கள்’ என்று மன்றாட வேண்டாம், அது எதிர்மாறாகத்தான் வேலை செய்யும். நோய் குணமாகுமா, எந்த வேலையாவது செய்ய இயலுமா என்ற இரண்டு கேள்விக்கும் பாரத்தில் பதில் விழுந்திருக்கிறதா என்று மட்டும் மரியாதையாகக் கேளுங்கள். காலியாக விட்ட கட்டம், முத்திரை இல்லாத கையெழுத்து, தேதி இல்லாத பக்கம் ஆகிய மூன்றையும் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வருவதற்கு முன் பார்த்துவிடுங்கள். பிறகு அதற்காக ஒரு ஈப்போ பயணம் போக வேண்டிவரும்.

கையெழுத்து விஷயத்தில் கடை ஆபத்தான குறுக்குவழி ஒன்று சொல்கிறது: மகனோ மனைவியோ ‘சும்மா போட்டுவிடலாம்’ என்று. வேண்டவே வேண்டாம். கை விளங்காதவர் சாட்சி முன்னிலையில் பெருவிரல் ரேகை வைக்கலாம். மனம் தெளிவாக இருப்பவர் பிறருக்கு அதிகாரப் பத்திரம் கொடுக்கலாம். மூளை பாதித்து, சொல்வது புரியாத நிலையில் இருப்பவரிடம் வாங்கிய அதிகாரப் பத்திரம் செல்லாது. அவருடைய விவகாரத்தைக் கவனிக்க, 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி உயர் நீதிமன்றத்தின் மூலம் போக வேண்டியிருக்கும். அதில் இறங்கும் முன் பிடிபிடிஎன் கவுன்டரில், இந்தக் கோரிக்கைக்கு மட்டும் குடும்பத்தாரிடம் என்ன கடிதம் ஏற்பார்கள் என்று கேளுங்கள். வக்கீல் செலவு மிச்சமாகலாம்.

சொக்சோவின் இலாட் (இயலாமை) பென்ஷனையும் இதே கடையில் ‘பேக்கேஜ்’ என்று சேர்த்துச் செய்கிறார்கள், அது நல்ல யோசனைதான். மருத்துவக் காகிதங்கள் பெரும்பாலும் ஒன்றே. அங்கே அளவுகோல் கொஞ்சம் இளகியது: 60 வயதுக்குக் கீழே, குணமாகாத நிலை, வழக்கமாகச் சம்பாதித்ததில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க முடியாமல் இருப்பது. முழுத் தகுதிக்கு ஒரு வழி, முந்தைய 40 மாதத்தில் 24 மாதச் சந்தா. சொக்சோ மருத்துவ வாரியம் ‘இலாட்’ என்று ஏற்ற கடிதம் கிடைத்தால் பிடிபிடிஎன் ஃபைலில் ஓகேயு அட்டைக்கு மேலே அதை வையுங்கள். அது தக்காபுல் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது, ஆனால் எடை உண்டு. மில்லில் கை நசுங்கியவருக்குச் சதவீதக் கணக்கில் வரும் வேலை விபத்து இழப்பீடு வேறு வகை. அதன் கடிதத்தை இதற்குச் சமமாக நினைக்கக் கூடாது.

விண்ணப்பம் போட்டதுமே தவணை நின்றுவிடும் என்று கடையில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முடிவு வரும்வரை கடன் கடன்தான். கட்ட முடியாவிட்டால் ‘பெனாங்குஹான்’ எனும் ஒத்திவைப்புக்கோ, மாதத் தொகையைக் குறைக்கும் மறுசீரமைப்புக்கோ தனியாக விண்ணப்பியுங்கள். பழைய நிலுவையும் இந்தக் கோரிக்கையில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய ஒப்பந்தத்தில் ஜாமீன் கையெழுத்துப் போட்ட மாமாவோ சித்தப்பாவோ இருந்தால் அவரிடமும் விஷயத்தைச் சொல்லிவிடுவது முறை.

மைபிடிபிடிஎன் எனும் இணையக் கணக்கின் கடவுச்சொல்லைக் கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொள்கிறார். பலரும் கொடுத்துவிட்டு வருகிறார்கள். இந்தச் சேவையில் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காதது அதுதான். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே தட்டுங்கள், போனுக்கு வரும் எண்ணைச் சத்தமாக வாசிக்காதீர்கள். ‘கடன் கழிந்ததும் பத்து சதவீதம்’ என்று வெளியே நின்று பேசும் ஏஜெண்டுகளும் உண்டு. இந்தக் கடைக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை என்பது ஒரு நிம்மதி. கோரிக்கை ஏற்கப்பட்டால் பணம் கடன் கணக்குக்குத்தான் போகும், கையில் வராது. அதில் சதவீதம் கேட்பவருக்கு நீங்கள் சொந்தப் பணத்திலிருந்துதான் கொடுக்க வேண்டியிருக்கும்.

நிராகரிப்புக் கடிதம் வந்தால் காரணத்தைப் பாருங்கள். ‘ஆவணம் முழுமையில்லை’ என்றால் விட்டதைச் சேர்த்துத் திரும்பக் கொடுத்தால் போதும். ‘அளவுகோலில் அடங்கவில்லை’ என்றால் அதே காகிதத்தை மறுபடி அனுப்புவதில் பயனில்லை; புதிய ஸ்பெஷலிஸ்ட் அறிக்கையோ, நிலைமை மோசமானதற்கான சான்றோ வேண்டும். கடை இரண்டாம் முறைக்கும் முழுக் கட்டணம் கேட்கிறது. பேரம் பேசினால் 30 வெள்ளிக்கு இறங்குகிறார்கள்.

பிடிபிடிஎன் கவுன்டரில் பாரமும் ஆலோசனையும் இலவசம். மலாய் எழுதத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்து, ஈப்போ போய்வரவும் முடிந்தால் கடையே தேவையில்லை. நோயாளியைத் தனியாக விட்டுப் போக முடியாத குடும்பத்துக்கும், ஐசியைத் தவிர மற்ற காகிதமெல்லாம் பிளாஸ்டிக் பையில் கலந்து கிடக்கும் குடும்பத்துக்கும் 60 வெள்ளி வீணில்லை. வேலை முடிந்ததும் முழு ஃபைலின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள், தாள் ஒன்றுக்கு 20 சென். ஒப்புதல் கடிதம் வந்தபின் சம்பளப் பிடித்தத்தையோ வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிப்பதையோ நிறுத்தச் சொல்லி நீங்களே எழுத வேண்டும், அந்தக் கடிதத்தைக் கடை 5 வெள்ளிக்குத் தட்டித் தருகிறது. ஓரிரு மாதம் கழித்து, பேங்க் நெகாராவின் கடன் பதிவான சிசிரிஸ் அறிக்கையில் மீதி பூஜ்யமாகிவிட்டதா என்று பாருங்கள். சனிக்கிழமை காலை கூட்டம் தாங்காது, செவ்வாய், புதன் போனால் அந்தப் பெண்ணிடமே உட்கார்ந்து வேலையை முடிக்கலாம்.