ரயில், விமானம், கார்: ஞாயிற்றுக்கிழமை கேமராவை எந்தப் பக்கம் திருப்புவது?

கார் திரும்ப வரும். விமானம், அதே விமானமாக இல்லாவிட்டாலும் அதே மாதிரி இன்னொன்று, கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். ரயில் போனால் போனதுதான். நாளைக்கு அதே நேரத்துக்கு வந்து நின்றாலும் அதே லோகோ, அதாவது அதே இன்ஜின், வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எந்த கேமரா, எந்த லென்ஸ் என்று பேச ஆரம்பிப்பதற்கு முன்னால், "தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு எப்போது?" என்ற ஒரு கேள்வியை வைத்துத்தான் இந்த மூன்றையும் நான் எடை போடுவேன்.

காரை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் சுலபம். ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில் இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிற பந்தயத் தடம் 1990-ல் திறந்தது. சுற்றளவு 3.7 கிலோமீட்டர் சொச்சம். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம். பத்துச் சுற்று ஓடினால், ஒரே வளைவில் ஒரே காரை எடுக்கப் பத்து வாய்ப்பு. கூடவே ஓடும் மற்ற கார்களையும் சேர்த்தால் கணக்கே இல்லை. கேமராவை வண்டியோடு சேர்த்துத் திருப்பி எடுக்கிற பேனிங்கைப் பழக இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. முதலில் ஷட்டர் வேகத்தை 1/250 நொடியில் வையுங்கள், கை பழகியதும் 1/125, அப்புறம் 1/60. சக்கரம் சுழல்வது படத்தில் தெரிய வேண்டும். 1/2000-ல் எடுத்தால் பந்தயக் கார் தடத்தில் பார்க்கிங் போட்ட மாதிரி இருக்கும். நடுவில் பாதுகாப்புக் கம்பிவலை இருந்தால் லென்ஸை வலைக்கு எவ்வளவு நெருக்கமாகக் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு கொண்டுபோய், அபெர்ச்சரை (லென்ஸுக்குள் வெளிச்சம் புகும் துவாரத்தை) முழுசாகத் திறந்துவிடுங்கள். வலை கரைந்துவிடும்.

நிற்கிற காரில் வேறொரு வசதி இருக்கிறது. மூன்றில் இதில் மட்டும்தான் "சார், வண்டியைக் கொஞ்சம் நிழலுக்குத் தள்ளி நிறுத்த முடியுமா?" என்று கேட்கலாம். பழைய கார்க்காரர்கள் பெரும்பாலும் சந்தோஷமாகச் செய்வார்கள், கூடவே அரை மணி நேரம் கதையும் சொல்வார்கள். அம்பாசிடர் தயாரிப்பு 2014-ல் நின்றது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம் சென்னையிலேயே செய்த வண்டி. இவை இன்னும் ஓடுகிற நாட்களில் எடுத்து வைப்பது நல்லது. ஒரே தொல்லை, பாலீஷ் போட்ட கதவில் நீங்களும் உங்கள் செருப்பும் தெரிவது. போலரைசர் ஃபில்டர் ஓரளவு காப்பாற்றும், கறுப்புச் சட்டை மீதியைக் காப்பாற்றும்.

விமானத்துக்கு வருவோம். இங்கே இடத்தை நீங்கள் தீர்மானிப்பதில்லை, காற்று தீர்மானிக்கிறது. விமானங்கள் எதிர்க்காற்றில்தான் இறங்கும், ஏறும். சென்னையின் முக்கிய ஓடுபாதைக்கு 07, 25 என்று இரண்டு முனைகள். அந்த எண்கள் 70 டிகிரி, 250 டிகிரி என்ற திசைகளின் சுருக்கம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் பெரும்பாலும் 25 பயன்பாட்டில் இருக்கும். விமானங்கள் கடல் பக்கமிருந்து அடையாறு, கிண்டி வழியாக இறங்கும். வடகிழக்குப் பருவத்தில் இது தலைகீழாகி மேற்கிலிருந்து வரும். ஆடியில் அருமையாக இருந்த இடத்தில் கார்த்திகையில் போய் நின்றால் வெறும் வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கிளம்புவதற்கு முன், விமானங்கள் பறப்பதைக் காட்டும் ஃப்ளைட்ரேடார்24 செயலியைத் திறந்து எந்தப் பக்கமிருந்து இறங்குகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு ஞாயிறு வீணாயிற்று.

பரங்கிமலை உச்சியிலிருந்து ஓடுபாதை தெரியும். தரையிலிருந்து எடுத்தால் எல்லாப் படத்திலும் விமானத்தின் வயிறுதான். மலை மேலிருந்து பார்த்தால் பக்கவாட்டுத் தோற்றம் கிடைக்கும். ஆனால் விமான நிலையம் தென்மேற்கே இருப்பதால் மாலையில் சூரியன் முகத்துக்கு நேரே. காலையில்தான் போக வேண்டும், அதுவும் ஒன்பது மணிக்குள். அதற்கு மேல் தரையிலிருந்து எழும் வெப்ப அலை படத்தைத் தண்ணீருக்குள் எடுத்த மாதிரி ஆக்கிவிடும். எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸ் போட்டாலும் அதற்கு மருந்து இல்லை. அடுத்து எக்ஸ்போஷர், அதாவது படத்துக்கு விடும் வெளிச்ச அளவு. வெளுத்த வானத்தில் வெள்ளை விமானம் என்றால் கேமரா ஏமாந்துபோய் எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்கும். ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்காக, கூட்டி வையுங்கள். ஜெட்டுக்கு 1/1000 தாராளமாகப் போதும். ஏடிஆர் மாதிரி விசிறி வைத்த விமானத்துக்கு 1/200 பக்கம் இறங்கினால்தான் விசிறி சுற்றுவது தெரியும். மிரர்லெஸ் கேமராவில் எலெக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டால் அதே விசிறி வாழைப்பழமாக வளைந்து வரும், கவனம்.

விமானத்தில் பெரிய தலைவலி அனுமதி. அரசு விமான நிலைய வளாகத்திலும் பறக்கும் விமானத்திலிருந்தும் படம் எடுக்க எழுத்துபூர்வ அனுமதி வேண்டும் என்று 1937-ம் ஆண்டு விமான விதிகளிலேயே இருந்தது. பயணிகள் விமானத்துக்குள் படம் எடுப்பதில் தடையில்லை என்று 2020-ல் தெளிவுபடுத்தினார்கள். மதிலுக்கு வெளியே நிற்பவர் பாடு அன்றைக்கு வரும் காவலரின் மனநிலையைப் பொறுத்தது. நம் ஊரில் பரங்கிமலை, பல்லாவரம் வட்டாரம் ராணுவக் குடியிருப்பும்கூட. ஓர் ஊரில் மதிலுக்கு வெளியே நீள லென்ஸோடு நின்ற என்னை, "தம்பி, என்ன எடுக்குறீங்க? அழிச்சிட்டுக் கெளம்புங்க" என்றார்கள். அன்று எடுத்த நாற்பது படமும் போயிற்று. வாதாடவில்லை. அந்த வம்பே வேண்டாம் என்பவர்களுக்கு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பெங்களூரு எலஹங்காவில் நடக்கும் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி இருக்கிறது. அங்கே விமானப்படையின் சாகசக் குழுவான சூர்யகிரணின் ஒன்பது விமானங்கள் சேர்ந்து பறப்பதை எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ரயிலில் நேரமும் தெரியும், பாதையும் தெரியும். 'வேர் இஸ் மை ட்ரெயின்' செயலியில் எத்தனை நிமிடம் தாமதம் என்பதும் தெரியும். அரை மணி நேரம் முன்னால் போய் வெறும் தண்டவாளத்தை வைத்தே படத்தை அமைத்துவிடலாம். வயல், பாலம், மலை எல்லாம் தயார், கதாநாயகன் வந்தால் சரி. சோதனை அந்தக் கடைசி நொடியில்தான். மணிக்கு 130 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு நொடிக்கு 36 மீட்டர் நகர்கிறது. லோகோவின் முகம் சரியான இடத்தில் இருப்பது அரை நொடி. அதற்குள் முன்னால் இருக்கும் மின்கம்பம் முகத்தை மறைக்காமல் இருக்க வேண்டும். கம்பம் ஐம்பது அறுபது மீட்டருக்கு ஒன்று நிற்கிறது. எனவே படபடவென்று தொடர்ந்து எடுக்கும் பர்ஸ்ட் மோடை மட்டும் நம்பாமல், எந்த இரண்டு கம்பத்துக்கு நடுவே லோகோ வரும்போது அமுக்கப்போகிறோம் என்று முன்னாலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.

எல்லாம் தெரிந்தாலும் என்ன லோகோ வரும் என்பது மட்டும் தெரியாது. ராயபுரம் ஷெட்டின் (லோகோ பராமரிப்புக் கூடம்) டபிள்யூஏபி-7 மின்சார லோகோ வரும் என்று நின்றால் எங்கோ வடக்கே இருக்கும் ஷெட்டின் லோகோ வந்து நிற்கும். 'ஆஃப்லிங்க்' என்று ரயில் ரசிகர்கள் துள்ளிக் குதிப்பது இதற்குத்தான். ஷெட்டின் பெயர் லோகோவின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும்.

நீலகிரி மலை ரயிலில் நான் வாங்கிய பல்பைச் சொல்லியாக வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் கிளம்பும் வண்டிக்காகக் கல்லாறு பக்கம், நீராவி இன்ஜின் புகையைக் கக்கிக்கொண்டு முன்னால் வரும் காட்சியை மனதில் வைத்துக் காத்திருந்தேன். முதலில் வந்தது ஒரு பெட்டி. பால்கனி மாதிரி இருந்த முன்பக்கத்தில் பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்கிறார். பக்கத்தில் டீக்கடைக்காரர் சிரித்தார்: "இன்ஜின் பின்னாடிதான் சார் தள்ளிக்கிட்டு வரும்." ஏறக்குறைய பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி வரை ஏறும் அந்தப் பல்சக்கரப் பாதையில் இன்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும். நான் திரும்பி ஓடி எடுத்தது புகை மட்டும்.

இன்னொன்று, தண்டவாளத்தில் இறங்காதீர்கள். ரயில்வே சட்டம் 147-வது பிரிவில் அத்துமீறலுக்கு ஆறு மாதம் வரை சிறையும் ஆயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. மேலே கம்பியில் போவது 25,000 வோல்ட். பிளாட்பாரம் டிக்கெட்டோடு நடைமேடை முனையில் நின்றாலே வளைவில் நல்ல படம் கிடைக்கும்.

செலவில் காரும் ரயிலும் கிட்டத்தட்ட ஒன்று. 70-200 மி.மீ. லென்ஸ் இருந்தால் ராஜா, ரயிலுக்குச் செல்போன்கூடச் சில இடங்களில் போதும். விமானத்துக்கு 400 மி.மீ.-க்குக் குறைந்தால் வானத்தில் ஓர் ஈதான். 150-600 லென்ஸ் இரண்டு கிலோ இருக்கும். வாங்குவதற்கு முன் ஒருநாள் வாடகைக்கு எடுத்துத் தோள்பட்டையைக் கேளுங்கள்.

புதிதாக வருகிறவருக்கு நான் சொல்வது: கையைக் காரில் பழக்குங்கள், வெளிச்சத்தை விமானத்தில் படியுங்கள், அப்புறம் ரயிலுக்கு வாருங்கள். நான் நேர்மாறாகச் செய்து மூன்று வருடம் மங்கலான லோகோக்களைச் சேர்த்தவன். இப்போதும் மூன்றில் ஒன்றுதான் என்றால் ரயிலைத்தான் எடுப்பேன்.

வரும் ஆனியில் ஆரல்வாய்மொழி போகிறேன். மலை, காற்றாலைகள், நடுவே நாகர்கோவில் வண்டி. ஒரே சிக்கல், ரயிலுக்கு 1/1000 வைத்தால் காற்றாலை அப்படியே உறைந்து நிற்கும், இறக்கை சுழல்வது தெரியும்படி இறக்கினால் ரயில் கலங்கிவிடும். 1/125-ல் பேனிங் செய்தால் காற்றாலை கோடாகிவிடும். போய் நின்றுதான் பார்க்க வேண்டும்.