ஐவிஎஃப் செய்யலாமா? பாறசாலை வீடும் மார்த்தாண்டம் வீடும் சொன்னவை

நான் பாறசாலைப் பக்கத்து லத்தீன் கத்தோலிக்கக் குடும்பம், கணவர் மார்த்தாண்டம் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை என்ற புராட்டஸ்டண்ட் சபை). கல்யாணமாகி ஆறு வருடம் குழந்தை இல்லை, எனக்குக் கருக்குழாய் இரண்டிலும் அடைப்பு. ஐவிஎஃப், அதாவது முட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே சேர்த்துக் கருவாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை, செய்யலாமா என்று இரண்டு வீட்டிலும் கேட்டோம். இரண்டு விதமான பதில் வந்தது.

கத்தோலிக்கத் திருச்சபையின் நிலையில் குழப்பமில்லை. வத்திக்கான் வெளியிட்ட ஆவணங்களான 1987-ன் டோனும் விதே, 2008-ன் டிக்னிதாஸ் பெர்சோனே இரண்டும் சொல்வது ஒன்றுதான்: குழந்தை கணவன் மனைவி உறவிலிருந்தே உருவாக வேண்டும், மருத்துவம் அதற்குத் துணை நிற்கலாம், அதன் இடத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது. அதனால் ஹார்மோன் மருந்து, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் நோய்) அறுவை, குழாய் அடைப்பை நீக்குவது எல்லாம் சரி. ஐவிஎஃப் மட்டும் சொந்த முட்டை, சொந்த விந்தணு என்றாலும் கூடாது. என் அம்மா சொன்னதும் இதுதான், நாங்களும் முதலில் அந்த வழியில்தான் போனோம். லேப்ராஸ்கோபியில் (சிறு துளை வழி அறுவையில்) குழாயைத் திறந்தார்கள், எட்டே மாதத்தில் மறுபடி அடைத்துக்கொண்டது.

சிஎஸ்ஐ பக்கம், புராட்டஸ்டண்ட் சபைகள் எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் ஒரே ஆவணம் என்று எதுவும் கிடையாது. எங்கள் சபை ஐயர் (போதகர்) தம்பதியின் சொந்த அணுக்கள் என்றால் தடையில்லை என்றார், ஆனால் "கருவை வீணாக்காதீங்க மக்களே" என்று இரண்டு தடவை சொன்னார். தானமுட்டை, தானவிந்தணு பற்றிப் பேச்சு வந்தபோது இரண்டு வீட்டிலும், பிள்ளையில்லாத சாராள் தன் பணிப்பெண் ஆகாரைக் கணவர் ஆபிரகாமுக்குக் கொடுத்து, பிறகு வீட்டில் சண்டை வந்த பைபிள் கதைதான் நினைவுக்கு வந்தது, அதில் எங்களுக்கும் மாற்றுக்கருத்து இல்லை.

கடைசியில் எங்களைத் தீர்மானிக்க வைத்தது அந்த மீதிக் கரு விஷயம்தான். வழக்கமாகப் பத்துப் பன்னிரண்டு முட்டை எடுத்து அத்தனையையும் கருவாக்கிவிடுவார்கள், நல்லதாக ஒன்றைக் கருப்பையில் வைப்பார்கள், மிச்சம் உறைநிலைக்குப் போகும். எங்கள் உறவில் ஒரு தம்பதிக்கு ஒரு பிள்ளை பிறந்தாகிவிட்டது, ஆறு கரு இன்னும் மருத்துவமனையில் இருக்கிறது. வருடா வருடம் கட்டணம் கட்டச் சொல்லித் தகவல் வரும்போது கட்டவும் மனமில்லாமல், அழிக்கச் சொல்லவும் வாய் வராமல் அந்த அக்கா அழுவதை நான் பார்த்திருக்கிறேன். 2021-ன் ஏஆர்டி (செயற்கைக் கருத்தரிப்பு) சட்டப்படி பத்து வருடம் வரைதான் வைக்கலாம், அதன்பின் அழியவிட வேண்டும் அல்லது தம்பதியின் சம்மதத்தோடு ஆராய்ச்சிக்குக் கொடுக்க வேண்டும். "நான் உன்னைத் தாயின் வயிற்றில் உருவாக்குமுன்னே உன்னை அறிந்தேன்" என்று பைபிளில் எரேமியாவில் வாசித்து வளர்ந்தவளுக்கு அந்த இரண்டில் எதில் கையெழுத்துப் போட முடியும்?

அதனால் மருத்துவரிடம் ஒன்றே கேட்டோம்: இரண்டு முட்டையை மட்டும் கருவாக்குங்கள், மிச்சத்தை முட்டையாகவே உறைய வையுங்கள். ஜெர்மனியில் 1990-ல் இயற்றிய சட்டமே, ஒரு மாதவிடாய்ச் சுழற்சியில் கருப்பையில் வைக்கப்போகும் எண்ணிக்கைக்கு மேல் முட்டைகளைக் கருவாக்கக் கூடாது என்கிறது, ஆக இது நடக்காத காரியமில்லை. வாய்ப்பு குறையும், பணமும் நேரமும் கூடும் என்று மருத்துவர் திரும்பத் திரும்பச் சொன்னார், அது உண்மைதான். பத்து முட்டை எடுத்தார்கள், இரண்டைக் கருவாக்கினார்கள், இரண்டுமே கருவானது. முதலாவது தங்கவில்லை. இரண்டாவதை மூன்று மாதம் மட்டும் உறைய வைத்து அடுத்து வைத்தார்கள், மகளுக்கு இப்போது இரண்டு வயது.

அப்போது எனக்கு முப்பத்தொன்று, கணவருக்கு எந்தக் குறையும் இல்லை. முப்பத்தெட்டில் நாலைந்து முட்டைதான் கிடைக்கிறது என்றால் இரண்டோடு நிறுத்தச் சொல்ல எனக்குத் தைரியம் வராது. தத்தெடுப்பில் எனக்கு அனுபவமே இல்லை. முன்பு கிறிஸ்தவர்களுக்குப் பாதுகாவலர் உரிமை மட்டுமே கிடைத்தது, இப்போது சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் முழுமையாகத் தத்தெடுக்கலாம் என்பதால் அதையும் யோசியுங்கள்.

அம்மாவுக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது, டிக்னிதாஸ் பெர்சோனே ஐவிஎஃப்புக்காக முட்டையை உறைய வைப்பதையும் ஏற்கவில்லை என்று சரியாகவே சொல்கிறார். ஆனாலும் முட்டையும் கருவும் எனக்கு ஒன்றல்ல. எட்டு முட்டை இருக்கிறது. அடுத்த வருடம் போகும்போதும் இரண்டைத்தான் கருவாக்கச் சொல்லப் போகிறோம்.