"எந்த ஸ்பார்க்னு நீங்க கேக்கலையே மேடம்!"

கோயம்புத்தூர் காந்திபுரம் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல 22,000 ரூபாய் கட்டி ஏமாந்திருக்கேன். சென்டர் பேரை எழுதப்போறதில்லை. "ஸ்பார்க் பயிற்சி"ன்னு என்னை ஏமாத்தின அதே மாதிரி நோட்டீஸ் வேற சுவத்துலயும் ஒட்டியிருக்கு, அதான் இந்தப் பதிவு.

நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில கணக்கு பாக்கறேன். டேட்டா இன்ஜினியரா இருக்கற தோழி ஒருத்தி, "உனக்குத்தான் எஸ்க்யூஎல் தெரியுமே, ஸ்பார்க் கத்துக்கோ, எங்க பக்கம் வந்துரலாம்"னா. அவ சொன்னது அப்பாச்சி ஸ்பார்க். ஒரு மெஷின்ல அடங்காத டேட்டாவைப் பல மெஷினுக்குப் பிரிச்சுக் குடுத்துக் கணக்குப் போடற மென்பொருள். 2009ல அமெரிக்காவுல பெர்க்லி பல்கலைக்கழகத்துல மாத்தேய் ஸஹாரியா ஆரம்பிச்சது. 2014ல 206 மெஷினை வச்சு 100 டெராபைட்டை 23 நிமிஷத்துல வரிசைப்படுத்திச்சு. அதுக்கு முந்தைய சாதனை, இதே மாதிரி வேலை செய்யற பழைய மென்பொருள் ஹடூப்போடது. ஏறக்குறைய அதே அளவு டேட்டாவுக்கு 2,100 மெஷின், 72 நிமிஷம். இதையெல்லாம் படிச்சு ஆசை ஏறிப்போய்த்தான் பஸ் ஏறினேன்.

நோட்டீஸ்ல "ஸ்பார்க் பயிற்சி, பிக் டேட்டா துறையில் வேலை உதவி"ன்னு கொட்டை எழுத்து. பிக் டேட்டான்னா ஒரு மெஷின்ல அடங்காத அந்த டேட்டாதான். கவுண்டர்ல இருந்த பொண்ணுகிட்ட "பைஸ்பார்க் சொல்லித் தருவீங்களா?"ன்னு கேட்டேன், அதாவது பைத்தான் மொழியில அப்பாச்சி ஸ்பார்க். "ஸ்பார்க்னா எல்லாமே வந்துரும்க்கா." பணம் முழுசா கட்டினேன். ரசீதுல "ஸ்பார்க் கோர்ஸ்"னு ரெண்டே வார்த்தை. அப்பவே முழிச்சிருக்கணும்.

முதல் ரெண்டு சனிக்கிழமை கம்ப்யூட்டர் அறிமுகத்துலயே போச்சு. மூணாவது வாரம் வாத்தியார் பிரவுசரைத் திறந்து, பிறந்தநாள் வாழ்த்து அட்டை ஒண்ணைக் காட்டி, "எல்லாரும் ஃபாண்ட் மாத்துங்க, பின்னாடி பலூன் போடுங்க"ன்னார். நானும் பலூன் போட்டேன்! அரை மணி நேரம் கழிச்சுத்தான் உறைச்சுது, இது அடோபி ஸ்பார்க், அட்டை, போஸ்டர் வடிவமைக்கற ஆப். அதுவும் 2021 டிசம்பர்லயே கிரியேட்டிவ் கிளவுட் எக்ஸ்பிரஸ்னு பேர் மாறி, அப்புறம் அடோபி எக்ஸ்பிரஸ்னு ஆகிப்போன சரக்கு. திரையிலயே எக்ஸ்பிரஸ்னுதான் இருந்துச்சு.

பக்கத்து சீட்டுத் தம்பி அதைவிடப் பாவம். இன்ஸ்டாகிராம் ஃபில்டர் செய்யக் கத்துக்கலாம்னு வந்தவன், அதாவது ஸ்பார்க் ஏஆர். அதை 2025 ஜனவரியில மெட்டாவே மூடிருச்சு. இவன் சேர்ந்தது ஜூன்ல. ஒரே நோட்டீஸ், ஆளுக்கொரு ஸ்பார்க்.

மேனேஜர்கிட்ட போனேன். பதறவே இல்லை. "நாங்க ஸ்பார்க்னுதானே சொன்னோம்? எந்த ஸ்பார்க்னு நீங்க கேக்கலையே மேடம்!"

அன்னிக்கு ராத்திரி தேடிப் பாத்தா, ஊர்ல இருக்கற பாதிச் சரக்குக்கு ஸ்பார்க்னுதான் பேர் வச்சிருக்காங்க. மெயில் ஆப் ஒண்ணு. டிஜேஐ 2017ல விட்ட குட்டி டிரோன். மைக்ரோசாஃப்ட் 2014ல விட்டு 2016ல மூடின புராஜெக்ட் ஸ்பார்க்னு ஒரு கேம். ஏடா மொழியிலிருந்து வந்த, பிழை வரக்கூடாத இடத்துல பயன்படுத்தற புரோகிராம் மொழி. நமக்குப் பக்கத்துலயே, வாளையாரைத் தாண்டினா ஸ்பார்க்னா கேரள அரசு ஊழியர்களோட சம்பள மென்பொருள். யூடியூப்ல "ஸ்பார்க் தமிழ்"னு தேடினேன், பாடம் வரும்னு பாத்தா 'கோட்' படத்துப் பாட்டுல விஜய் ஆடறார். அவர் ஆடறது நல்லாத்தான் இருந்துச்சு, என் 22,000தான் நெஞ்சுல குத்திச்சு.

இந்தக் குழப்பம் அவங்களுக்குத் தெரியாம நடந்ததுன்னு நான் நம்பலை. தெரியாம நடந்திருந்தா நோட்டீஸ்ல பிக் டேட்டான்னு எதுக்குப் போடணும்?

நீங்க சேரப்போறீங்கன்னா ரசீதுலயே "அப்பாச்சி ஸ்பார்க்"னு முழுப் பேரை எழுதி வாங்குங்க. பாடத்திட்டத்தைக் கையில வாங்கிப் பாருங்க. டேட்டாஃப்ரேம், பார்ட்டிஷன், ஷஃபிள், அப்பாச்சி ஸ்பார்க்குக்கு அடிப்படையான இந்த மூணும் இல்லைன்னா அது வேற ஸ்பார்க். ஸ்பார்க் ஓடும்போது பிரவுசர்ல 4040ங்கற போர்ட் எண்ணுல ஒரு பக்கத்தைத் திறக்கலாம், வேலை எங்க நிக்குதுன்னு காட்டும். "அதை எந்த வாரம் காட்டுவீங்க?"ன்னு கேளுங்க. நடத்தறவருக்குத் தெரிஞ்சா உடனே சொல்லிருவார். இன்னொண்ணு, மென்பொருள் இலவசம். லேப்டாப்புல ஜாவாவும் பைத்தானும் இருந்தா "பிப் இன்ஸ்டால் பைஸ்பார்க்" ஒரு வரிதான். சாஃப்ட்வேர் லைசன்ஸ்னு காசு கேட்டா எந்திரிச்சு வந்துருங்க. என்கிட்ட அப்படி 3,000 வாங்கினாங்க.

1915, தேசிய நுகர்வோர் உதவி எண். ரசீதையும் நோட்டீஸ் போட்டோவையும் வச்சுப் புகார் பண்ணினேன். மூணு வாரத்துல சென்டர்லயிருந்தே போன் பண்ணி 12,000 திருப்பிக் குடுத்தாங்க. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனு எழுதிட்டிருக்கேன்; நாம குடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும்னா மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

நோட்டீஸை நான் போட்டோ எடுத்தது தோழிக்கு அனுப்பறதுக்காக. அந்தத் தம்பி எடுக்கலை. சுவத்துல இப்ப வேற நோட்டீஸ் ஒட்டியிருக்காம். அவனுக்கு இன்னும் ஒரு ரூபாகூட வரலை.