மேலாளர் மேசையில் ஏஐ: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

சாட்ஜிபிடி வெளிவந்தது 2022 நவம்பர் கடைசியில். அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து இந்த வகைக் கருவிகளை வேலைக்குப் பயன்படுத்தி வருகிறேன். ஒரு பிரிவை நடத்துவது என் பொறுப்பு. நிரல் எழுதுபவன் இல்லை. கட்டணத் திட்டங்கள் சிலவற்றை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். எது சிறந்தது என்று ஒப்பிடப் போவதில்லை, சில மாதங்களுக்கு ஒருமுறை வரிசை மாறிவிடுகிறது.

நேரம் மிச்சமாவது உண்மை. நீண்ட கூட்டக் குறிப்பைச் சுருக்குவது, ஒரே விஷயத்தை வாடிக்கையாளருக்கு ஒரு விதமாகவும் கணக்குப் பிரிவுக்கு வேறு விதமாகவும் எழுதுவது, ஒப்பந்த வரைவில் எங்கே கேள்வி கேட்க வேண்டும் என்று தேடுவது எல்லாம் வேகமாகிவிட்டன. ஆனால் எழுதுவது சுலபமானதும் காகிதம் பெருத்துவிட்டது. ஒன்றரைப் பக்கத்தில் வந்துகொண்டிருந்த திட்ட முன்மொழிவு எட்டுப் பக்கமாக வரத் தொடங்கியது. அதைப் படிக்க நேரமில்லாமல் நான் ஏஐயிடமே கொடுத்துச் சுருக்கச் சொல்வேன். எழுதியதும் இயந்திரம், சுருக்கியதும் இயந்திரம், நடுவில் இரண்டு பேருக்குச் சம்பளம். இப்போது எங்கள் பிரிவில் முன்மொழிவு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. கொண்டுவருபவர் அதைப் பார்க்காமல் விளக்கவும் வேண்டும்.

என்னைப் போன்ற பொறுப்பில் இருப்பவர்களுக்கு உண்மையான சிக்கல் வேறு. இந்தக் கருவிகள் ஆமாம் சாமி போடுகின்றன. "இந்தச் சேவையைத் தொடங்கலாம் என்று நினைக்கிறேன்" என்று ஆரம்பித்தால் தொடங்குவதற்கான காரணங்கள் அழகாக வந்து விழும். புதிய உரையாடலைத் திறந்து, அதே தகவல்களோடு "இதைக் கைவிடலாம் என்று நினைக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். கைவிடுவதற்கும் அதே அழகில் காரணங்கள் வரும். மனிதர்கள் விரும்பும் பதிலுக்கு அதிக மதிப்பு கொடுத்துப் பயிற்றுவிப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம், அதை இயக்கும் ஜிபிடி-4ஓ மாடலில் செய்த ஒரு மாற்றத்தை, அது பயனரை அளவுக்கு மீறிப் புகழ்கிறது என்று ஒத்துக்கொண்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. மற்ற நேரங்களில் இந்தக் குணம் இவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது, அவ்வளவுதான். மேலாளரிடம் வந்து சேரும் செய்தி ஏற்கெனவே பல கைகள் மாறி, கசப்பு வடிகட்டப்பட்டுத்தான் வருகிறது. அவருக்கு இன்னொரு தலையாட்டி எதற்கு?

அதனால் பழக்கத்தை மாற்றினேன். என் கருத்தை முதலில் சொல்வதே இல்லை. திட்டத்தை யாரோ மூன்றாம் மனிதர் அனுப்பியதாகக் கொடுத்து, "ஓராண்டு கழிந்துவிட்டது, இது படுதோல்வி. ஏன் என்று எழுது" என்பேன். உளவியலாளர் கேரி கிளைன் பரப்பிய 'பிரீ-மார்ட்டம்' உத்திதான் இது, ஏஐக்கு முந்தையது. வருகிற பட்டியலில் பாதிக்கு மேல் எந்தத் திட்டத்துக்கும் பொருந்தும் பொதுப்பேச்சு. பரவாயில்லை. அதை அப்படியே குழுவின் முன் வைத்து, "இதில் எது உண்மை?" என்று கேட்கிறேன்.

நான் எதிர்பார்க்காத பலன் இங்கேதான் கிடைத்தது. மேலாளரின் திட்டத்தில் ஓட்டை இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்லத் தயங்குபவர்கள், "அந்த மூன்றாவது காரணம் சரி சார், இப்போதே அப்படித்தான் நடக்கிறது" என்று தாராளமாகச் சொல்கிறார்கள். குற்றம் கண்டுபிடித்தது இயந்திரம், அவர்கள் வழிமொழிகிறார்கள், யாருக்கும் சங்கடமில்லை. பயிற்சிக்குச் சரியாக ஆள் ஒதுக்காமலே ஒரு அறிமுகத் தேதி குறிக்கப்பட்டிருந்தது இப்படித்தான் வெளியே வந்தது. தேதியைத் தள்ளிவைத்தோம். ஏஐ சொன்ன காரணம் மங்கலானது. அதற்கு உருவம் கொடுத்தது வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் ஊழியர்.

எங்கே இதை நம்பலாம் என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது என்பதும் முக்கியம். ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் ஆய்வாளர்களும் மற்றவர்களும் பாஸ்டன் கன்சல்டிங் குழுமத்தின் 758 ஆலோசகர்களை வைத்து நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. ஏஐக்குக் கைவந்த வேலைகளை ஓப்பன்ஏஐயின் ஜிபிடி-4 மாடல் துணையோடு செய்தவர்கள் சுமார் 25 சதவீதம் வேகமாக முடித்தார்கள், தரமும் கூடியது. அதன் எல்லைக்கு வெளியே இருக்கும்படி வேண்டுமென்றே அமைத்த பணியில், ஏஐ இல்லாதவர்களைவிட அவர்கள் சரியான விடை சொல்வது 19 சதவீதப் புள்ளி குறைந்தது. என் அனுபவமும் இதேதான். சரியான பதிலும் தப்பான பதிலும் ஒரே மிடுக்கோடு வருகின்றன.

அப்புறம், பொறுப்பு. ஏர் கனடாவின் சாட்பாட் கட்டணச் சலுகை பற்றிப் பயணி ஒருவருக்குத் தவறாகச் சொன்ன வழக்கில், 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் நிறுவனமே பொறுப்பு என்றது. எங்களிடமிருந்து வாடிக்கையாளருக்குப் போகும் எதிலும் அதைப் படித்துப் பார்த்த ஒருவரின் பெயர் இருக்கும்.

சந்தாவைப் புதுப்பித்திருக்கிறேன். ஆட்தேர்வையும் சம்பள உயர்வையும் மட்டும் இதைத் தொடவிடுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம் ஆட்தேர்வை அதிக ஆபத்துள்ள பயன்பாடுகளில் சேர்த்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், ஏன் எனக்கு உயர்வு இல்லை என்று கேட்டு வருபவருக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.