பிராக் போகிறவர்கள் பணம் மாற்றும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பிராக் நகரத்தைப் பற்றிக் கேட்டவர்கள் எல்லோருமே ஆஹா ஓஹோ என்றுதான் சொன்னார்கள். அழகான ஊர்தான், மறுக்கவில்லை. ஆனால் போய் இறங்கிய முதல் நாளே 100 யூரோவைப் பறிகொடுத்துவிட்டு நின்றோம். நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

செக் குடியரசில் யூரோ கிடையாது, கொருனாதான். பழைய நகரச் சதுக்கத்துக்குப் போகிற சந்தில் ஒரு பணம் மாற்றும் கடை. வாசலில் பெரிதாக ‘கமிஷன் 0%’ என்று எழுதியிருந்தது. அதை நம்பி என் கணவர் 300 யூரோவை நீட்டினார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஆள் ஒரு வார்த்தை பேசாமல் எண்ணி வைத்தது 4,800 கொருனா. அதாவது யூரோவுக்கு 16. அன்றைக்கு வெளியே 24-க்கு மேல் போய்க்கொண்டிருந்தது. கமிஷன் எடுக்கவில்லை, உண்மைதான்; எடுக்க வேண்டியதை விலையிலேயே எடுத்துவிட்டார்கள். பலகையில் பெரிய எழுத்தில் கண்ணில் பட்டது அவர்கள் யூரோவை விற்கிற விலை. நம்மிடம் வாங்குகிற விலை அதற்குப் பக்கத்தில் சின்னதாக இருந்திருக்கிறது.

இதைவிட வேதனை சாயங்காலம் வந்தது. விடுதி வரவேற்பில் இருந்த பெண்ணிடம் ரசீதைக் காட்டினோம். பார்த்ததும் முகம் மாறி, “எத்தனை மணிக்கு மாத்தினீங்க?” என்றுதான் முதலில் கேட்டாள். ரசீதில் 14:07. அப்போது மணி 17:50.

2019 ஏப்ரலிலிருந்து அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. 1,000 யூரோ மதிப்புக்குள் மாற்றியிருந்தால், 3 மணி நேரத்துக்குள் ரசீதோடு அதே கடைக்குப் போய் வேண்டாம் என்று சொல்லலாம். காரணம் சொல்லத் தேவையில்லை, பணத்தைத் திருப்பித் தந்தாக வேண்டும். நாங்கள் அந்த மூன்று மணி நேரத்தை, 1410-இல் செய்த வானியல் கடிகாரத்தின் கீழே கூட்டத்தில் இடிபட்டும், சார்லஸ் பாலத்தில் நகர இடமில்லாமல் நின்றும் கழித்திருக்கிறோம். அந்தக் கடையில் ஒருவரும் வாய் திறக்கவில்லையே!

அதனால் தயவுசெய்து நோட்டை நீட்டும் முன், “இதற்கு மொத்தம் எத்தனை கொருனா கையில் தருவீர்கள்?” என்று கேட்டு, போனில் கணக்குப் போட்டுப் பாருங்கள். தெருவில் நின்று நல்ல விலைக்கு மாற்றித் தருகிறேன் என்று கூப்பிடுகிறவர்கள் பக்கம் திரும்பவே வேண்டாம். வேறு நாட்டு நோட்டைக் கையில் திணித்துவிடுகிறார்கள். ஏடிஎம்மில் எடுத்தால், “உங்கள் நாட்டுப் பணத்திலேயே கணக்கிடட்டுமா” என்று திரையில் வரும். வேண்டாம் என்று அழுத்துங்கள். அழுத்தினாலும் பணம் வரும், அதுவும் உங்கள் வங்கியின் விலைக்கே.

சதுக்கத்துக் கடைகளில் நெருப்பில் சுட்ட பன்றித் தொடைக்கறி தொங்கும். பலகையில் போட்டிருப்பது 100 கிராமின் விலை, தட்டின் விலை இல்லை. கத்தியை வைக்கும் முன்பே எத்தனை கிராம் என்று சொல்லிவிடுங்கள். எங்களுக்கு வெட்டி வைத்தது 400 கிராம்.